கெட்டது நானாவின் தவிடு அல்ல

தம்புள்ளை அரிசி ஆலையில் தவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது மர்சூக் நானாவின் மகன் இர்பானிடமிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, வாப்பா மவுத்தாயிட்டாங்க." மூட்டைகளை இறக்கச் சொல்லவில்லை. இறந்துபோனவருக்காக வாங்கிய தவிட்டோடுதான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நாலந்தாப் பக்கம் மீன் வளர்க்கும், இங்கே கூடியிருக்கும் நம் சங்கத்தாருக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைத் தீவனம் கட்டுப்படியாகாமல் நாம் குளங்களை மூட இருந்தபோது, தவிட்டையும் குறுணல் அரிசியையும் தேங்காய்ப் புண்ணாக்கோடு பிசைந்து அவித்து, இடியப்ப உரலில் பிழிந்து காயவைத்து, நமக்கு மலிவாகத் தந்தவர் அவர். நானும் கூட நின்று பிழிந்தேன். "மீனுக்கு இடியப்பமா நானா? சொதி எங்க?" என்று கேட்டவர்களிடம், "சொதிக்குத்தான் குளம் இருக்கே" என்பார்.

நம் தலைவர் தானே தீவனம் செய்யப் போவதாகத் தவிடு வாங்கி, ஒழுகும் தகரக் கூரையின் கீழ் அடுக்கியிருந்தார். மழைக்குப் பின் நானாவும் நானும் அங்கே போனோம். நானா ஒரு மூட்டைக்குள் கையை விட்டார்.

"தலைவரே, காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி கொதிக்குது. பூஞ்சணம் புடிச்சிரும். புதைச்சிருங்க."

"மாடு திங்கிறதுதானே நானா?"

"மாட்டுக்கும் போடாதீங்க."

நானும் கைவிட்டுப் பார்த்தேன். சுட்டது. தலைவர் அதையே பிசைந்து தன் குளத்தில் போட்டார். மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

அடுத்த கூட்டத்தில் அவர், நானாவின் தவிட்டு முறை தன் குளத்தை அழித்துவிட்டது என்றார். நான் எழுந்து, என் கை அறிந்ததைச் சொன்னேன். "பாருங்க, பொம்பளப் புள்ள தவிட்டுல கைய விட்டு ஜோசியம் சொல்லுது!" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அதன் பிறகு உங்களில் ஒருவரும் நானாவின் தீவனத்தை வாங்கவில்லை.

ஏன் சண்டை போடவில்லை என்று அவரிடம் கேட்டேன். "கோபம் இருக்கு தங்கச்சி. எங்கயும் போகாது. மீனுக்குத்தான் பசி பொறுக்காது" என்று சொல்லிவிட்டுத் தன் குளத்துக்கு நடந்தார்.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்குமுன், வழக்கப்படி இர்பான் வாசலில் நின்று கேட்டான்: "வாப்பா யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க." பெண்களோடு உள்ளே இருந்த எனக்கும் தலைவரின் பதில் நன்றாகக் கேட்டது.

"பொறுத்தாச்சு மகன்! என் மீனெல்லாத்தையும் பொறுத்தாச்சு!"

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னித்துக்கொண்டிருந்தார். மன்னிக்க வேண்டியவரோ கஃபன் துணிக்குள் கிடந்தார்.

மறுநாள் தலைவர், இந்த இரங்கல் கூட்டத்தில் வாசிக்க அஞ்சலி எழுதும்படி என்னைக் கேட்டார். "நல்லத மட்டும் எழுதுங்க தங்கச்சி." எழுதியிருக்கிறேன். நானாவைப் பற்றிச் சொல்ல நல்லது மட்டுமே இருந்தது. மீதி உங்களைப் பற்றியது, தலைவரே.

அவருடைய பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவரோடு மண்ணுக்குப் போகட்டும். அவர் ஒருநாளும் செலவழிக்காத கோபம் இருக்கிறதே, அதைத்தான் எடுத்துக்கொண்டேன். இர்பான் முன்வரிசையில் இருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் கேட்கும்வரை நான் உட்காரப் போவதில்லை.