முதல் செட்டுக்காரி கெமுந்தோ

நகூரு ஊரில் டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுகிறவள் கெமுந்தோ. கிளப் வாசலில் தகரக் கடை. கை வேலையில் இருக்கும்போதே ஒரு கண் போனில் இருக்கும். அதில் கணிப்புச் சந்தை, யார் ஜெயிப்பார் என்று பணம் போடுகிற இடம். முழு ஆட்டத்தைத் தொடவே மாட்டாள், முதல் செட் மட்டும்தான்.

"ரெண்டாவது செட்டுல கால்வலி, கோபம், வீட்டு நெனப்பு எல்லாம் வந்துரும்டி. முதல் செட்டுலதான் ஆட்டம் மட்டும் இருக்கும்" என்பாள்.

நான் தையல்காரி. எங்கள் சேமிப்புக் குழுவான சாமாவில் அவளையும் சேர்த்து ஆறு பெண்கள். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்க்கிற பணத்தில் ஒரு பகுதியைச் சந்தையில் போட அவளிடம் விட்டிருந்தோம். ஒருத்தி முதல் செட்டை ஜெயித்தால் அவள் பேரில் வாங்கிய சீட்டுக்கு நூறு ஷில்லிங், தோற்றால் ஒன்றுமில்லை. ஆட்டம் நடக்கும்போதே விலை ஏறும், இறங்கும். நினைத்த நேரத்தில் விற்கலாம்.

சர்வீஸ் மாறி மாறி வரும், போடுகிறவளே பெரும்பாலும் அந்த கேமை ஜெயிப்பாள். அதனால் முதலில் சர்வீஸ் போடுகிறவள் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று எப்போதும் முன்னால் நிற்பதுபோல் தெரியும். நான் ஒருமுறை அதை நம்பி, கெமுந்தோவை நச்சரித்து வாங்கவைத்துப் பணத்தைத் தொலைத்தேன்.

"அவ ஜெயிக்கலடி, முதல்ல ஆரம்பிச்சா. அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

எல்லாரும் ஓடி ஓடி முன்னால் நிற்பவளை வாங்கும்போது, இவள் எதிராளியை மலிவாக வாங்குவாள். எதிராளி தன் சர்வீஸை ஜெயித்து மூன்றுக்கு மூன்று ஆக்கியதும் விற்றுவிட்டு மாண்டாசி தின்னப் போய்விடுவாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஆனால் மூன்று மாதமாக அவளுக்கு நேரம் சரியில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வருகிற ஞாயிற்றுக்குள் தேறாவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்கிவிடுவோம் என்று தலைவி போசிபோரி அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். கெமுந்தோவின் முகம் சுண்டிப்போனது. "நரம்பு கட்டுறது வயித்துக்குடி. இது ஒண்ணுதான் எனக்கு" என்றாள் என்னிடம்.

சனிக்கிழமை கிளப்பில் பெரிய போட்டி. சேரோனோ என்ற பெண் முதல் செட்டை ஜெயிப்பாள் என்று சந்தையே நம்பியது, அவள் சீட்டு எண்பது ஷில்லிங், எதிராளியுடையது வெறும் இருபது. ஆனால் செட்டை ஆறுக்கு ஒன்று என்று தோற்றாள். அவள் மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பிறகு பயிற்சியாளரே சொன்னார். வலிக்காமல் இருக்க, காலையில்தான் மட்டை நரம்பைத் தளர்த்திக் கட்டி வாங்கினாளாம். கட்டியது யார்? நம் கெமுந்தோ!

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போசிபோரி அக்கா கேட்டாள்: "அப்போ உனக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும்க்கா."

"அவளுக்கு எதிரா வாங்குனியா?"

"இல்லக்கா."

"எங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னியா? மூணு மாசத்துல விட்டதெல்லாம் ஒரே செட்டுல திரும்பி வந்திருக்குமே! பொழைக்கத் தெரியாதவளே!"

"ஆட்டத்தைப் பாத்து ஜெயிச்சா அது என் சாமர்த்தியம்க்கா. இது அந்தப் பொண்ணோட வலி. மட்டை கட்டுறவன்னு நம்பிக் கையக் காட்டுனா. அதை வித்துத் திங்கச் சொல்றீங்களா?"

பணத்தைத் திருப்பி வாங்கலாம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னாள் அக்கா. முதலில் அவள் கை. பிறகு மற்றவர்கள். ஐந்தாவது என் கை. கெமுந்தோ அங்கேயே போனை எடுத்துப் பணத்தை அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, துணி தைத்து நான் தனியாகச் சேர்த்த இரண்டாயிரம் ஷில்லிங்கை எடுத்துக்கொண்டு தகரக் கடைக்குப் போனேன். எனக்கு முன்பே போசிபோரி அக்கா அங்கே நின்றிருந்தாள், கையில் நோட்டுகளோடு.

"நேத்து நீங்கதானேக்கா முதல்ல கையைத் தூக்கினீங்க?"

"அது ஊர்ப் பணம், தலைவியோட கை. இது என் சொந்தப் பணம்டி. வேற யாரை நம்பிக் குடுப்பேன்?" என்றவள், என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டாள். "பின்னால நில்லு. நான்தான் முதல்ல வந்தேன்."