நாற்பத்தொன்றாம் குறி

தியோடுல் எபனர் இருபத்திரண்டு கோடைகள் மலைக்குக் குறி போட்டவர். மற்ற மாதங்களில் கேபிள் கார் நிலையத்தில் சக்கரங்களுக்கு மசகு இடுவார். பனி உருகி ஜூன் முடியும்போது ஊராட்சி அவருக்கு இரண்டு டப்பா பெயின்ட்டும் பத்து நாள் விடுப்பும் கொடுக்கும். மேல்குடிலிலிருந்து வைஸ்லிக்கா கணவாய் வரை அறுபத்து மூன்று இடங்களில், ஏறுபவர்களுக்கு வழிகாட்ட, பாறைமேல் வெள்ளை, நீலம், வெள்ளை என மூன்று பட்டைகள். இடது கைக்காரர். அதனால் பட்டையின் ஒரு முனை கொஞ்சம் இறங்கியே இருக்கும். பட்டைக்கு அடியில் சின்னதாக எண்ணும் எழுதுவார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் குறி போடுபவர்கள் யாரும் அப்படி எழுதுவதில்லை.

"மறுபடியும் மலைக்கு மை தீட்டக் கிளம்பிட்டியா?" என்று குடில்காரர் செவரின் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்.

"உன் மூஞ்சிக்குத் தீட்டினா மட்டும் எவ திரும்பிப் பாக்கப் போறா?"

தனியாக வாழ்ந்த மனிதர். ரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போதும். சீட்டாட்டத்தில் தோற்றால் இரண்டு நாள் பேசமாட்டார். ஊரில் யாரும் அவர் சொல்லைச் சந்தேகித்ததில்லை. அந்தக் கோடையில் நடந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

2003. ஆல்ப்ஸ் முழுக்க வெயில் கொளுத்திய ஆண்டு. ஜூலை பன்னிரண்டாம் தேதி, தச்சர் அமதே ரீடரும் அவர் மனைவி கிளோட்டில்டாவும் கணவாய்க்கு ஏறினார்கள். நாற்பதாம் குறியைத் தாண்டும்போது மூடுபனி இறங்கியது. அடுத்த குறியைக் காணாமல் அமதே நின்றார். பின்னால் வந்த கிளோட்டில்டாதான் முதலில் பார்த்தார். "அதோ, நீலம் தெரியுது பாரு!" என்று கைகாட்டினார். அமதே அந்தத் திசையில் போனார். மூடுபனிக்குள் மறைந்தபின் இன்னும் இருபதடி போயிருப்பார். காலடியில் சரளை சரிந்தது. கீழே முந்நூறு மீட்டர் செங்குத்துச் சுவர்.

ஹெலிகாப்டர் சுவரின் அடியிலிருந்து உடலை எடுத்தது. மேலே ஏறிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எந்தக் குறி எந்தப் பாறையில் என்று தியோடுல் எழுதிவைத்த பட்டியல்தான் இருக்கிறதே. போலீஸ் விசாரணையில் அவர் அதை மேசைமேல் விரித்துக் காட்டினார்.

"நாப்பத்தொண்ணு, நாப்பதுக்கு மேல வர்ற பாறைத்திட்டோட முனையில இருக்கிற பெரிய கல்லுல இருக்கு, ஐயா. அங்கேருந்து வலப்பக்கம் திரும்பணும். இவங்க போனது இடப்பக்கச் சரிவு. அதுல என் குறி ஒண்ணுகூடக் கிடையாது."

"உறுதியாத் தெரியுமா?"

"என் கையால போட்டது. எனக்குத் தெரியாதா?"

கிளோட்டில்டா அந்த அறையில்தான் இருந்தார். அறிக்கையில் 'மூடுபனியில் மனைவி தவறாகக் கண்டார்' என்று எழுதினார்கள். ஊரார் அன்பாகத்தான் பேசினார்கள். பனியில் யார் கண்ணும் ஏமாறும், விடு தாயே என்றார்கள். மகள் மட்டும் அடக்கம் முடிந்த மறுநாள் அடுப்படியில் நின்று கேட்டாள்: "அம்மா, நீ நல்லாப் பாத்துட்டுத்தானே சொன்னே?" அதன்பின் கிளோட்டில்டா தேவாலயப் பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடையில் எதிர்ப்பட்டபோது தியோடுல் தொப்பியைக் கழற்றினார். கிளோட்டில்டா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நகர்ந்தார்.

ஒரு மாதம் மூடியிருந்த வழியை ஆகஸ்டில் திறந்தார்கள். மூன்றாம் நாள் செவரின் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டேய், வயசாயிடுச்சாடா உனக்கு? கணவாய்லேருந்து இறங்கி வந்தவங்க நாப்பத்தொண்ணைக் காணோம்கிறாங்க."

"மண்ணு மூடியிருக்கும். வந்து துடைக்கிறேன்."

அன்றிரவு குடிலில் தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்பி, எட்டு மணிக்குத் திட்டின் முனையை எட்டினார். எட்டியவர் அப்படியே நின்றார்.

கல் இல்லை.

வைக்கோல் கொட்டகை அளவு கல் அது. மேலெல்லாம் பாசி படர்ந்தது. அவருக்கு முன்னால் குறி போட்டவர்களும் அதில்தான் போட்டார்கள். நகரும் கல்லில் குறி வைக்கக்கூடாது, தாய்ப்பாறையில்தான் வைக்கவேண்டும் என்பது விதி. அதைத் தாய்ப்பாறை என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். இப்போது அங்கே ஈரச்சரளை நிறைந்த பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் அழுக்கு ஐஸ் ஒன்று வெயிலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ்கட்டியின்மேல் உட்கார்ந்திருந்த கல்லுக்குத்தான் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பெயின்ட் அடித்திருக்கிறார்.

பைய, கழுத்து வலிப்பதுபோல, இடப்பக்கம் திரும்பினார். எண்பது தப்படிக்குக் கீழே, சரிவின் வாயில், அந்தக் கல் நின்றது. ஒரு பக்கம் புரண்டிருந்தது. வெள்ளை, நீலம், வெள்ளை, ஏறி வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக, புத்தம்புதிதாக இருந்தது. ஒரு முனை இறங்கியிருந்தது. அடியில் 41.

'என் கையால போட்டது. எனக்குத் தெரியாதா?' அந்தச் சொற்கள் யாரோ பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்டன.

எப்படி இறங்கினார் என்று பின்னாளில் அவரால் சொல்ல முடிந்ததில்லை. கல்லருகே போய்ச் சுரண்டியை எடுத்தார். இரண்டு இழுப்பில் அழித்துவிடலாம். சுரண்டி கல்லில் பட்டதும் கை நின்றது. இதை அழித்தால் கிளோட்டில்டா பார்த்தது எங்கே இருக்கும்? யார் நம்புவார்கள்? அழிக்காமல் இறங்கிப் போனால் அடுத்து வருகிறவன் சாவான்.

அடுத்து வருகிறவர்கள் வந்தேவிட்டார்கள். பெர்னிலிருந்து வந்த இரண்டு பேர். நாற்பதிலிருந்து நேராகக் கல்லைப் பார்த்து நடந்தார்கள்.

"நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!"

"ஏங்க, குறி இங்கதானே போட்டிருக்கு?" என்று ஒருவன் சிரித்தான்.

"போட்டவன் நான்தான். அது பொய்க்குறி. ஒரு அடி வைக்காதீங்க."

சிரிப்பு நின்றது. விஷயத்தைக் கேட்டதும் மற்றவன் கேமராவை எடுத்தான். "போட்டோ எடுத்துடறேன் ஐயா. நீங்க அழிச்சிடுங்க."

"எடுங்க. ஆனா அந்தம்மா தன் கண்ணால பாக்கணும். குடிலுக்குப் போய் செவரின்கிட்ட சொல்லுங்க. கிளோட்டில்டாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கேருந்து அசையமாட்டேன்."

ஏழு மணி நேரம் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏறி வந்த ஒவ்வொருவரையும் கைநீட்டித் தடுத்து வலப்பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் குடிக்கவில்லை.

மூன்று மணிக்குச் செவரினோடு கிளோட்டில்டா வந்தார். அடக்கத்துக்கு உடுத்திய கறுப்புப் பாவாடையோடேயே ஏறியிருந்தார். கல்லைப் பார்த்தார். கிட்டே போய் உள்ளங்கையை நீலப்பட்டையின்மேல் வைத்தார்.

"இது உன்னோடதா?"

"என்னோடதுதான்."

"இல்லைன்னு சொன்னியே. என் மூஞ்சிக்கு நேரா சொன்னியே, தியோடுல்."

"தெரியாம சொன்னேன், கிளோட்டில்டா. கல்லு நகந்திருக்கு. நான் ஏறி வந்து பாக்கல."

"அஞ்சு வாரம். ராத்திரி கண்ணை மூடினா இந்த நீலம் வரும். காலையில எந்திரிச்சா, இல்லாததைப் பாத்துப் புருஷனைக் கொன்னுட்டேன்னு வரும். பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னே நெனச்சேன்."

தியோடுல் ஏதோ சொல்லவந்தார். "நீ பேசாதே" என்றார் கிளோட்டில்டா. செவரின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்பதாம் குறிக்கு இறங்கிப்போனார். அன்று நின்ற இடத்தில் நின்று, அன்றுபோலவே கையை நீட்டினார். நீட்டிய கை, கல்லின் முன்னால் நின்ற தியோடுலைத்தான் காட்டியது. அவர் நகரவில்லை. வெகுநேரம் கழித்து அந்தக் கை இறங்கியது.

திரும்பி வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"சாம்பல் பெயின்ட் வச்சிருக்கியா?"

பழைய குறிகளை மறைக்க எப்போதும் ஒரு டப்பா வைத்திருந்தார். மூடி இறுகியிருந்தது. செவரின் கத்தியால் நெம்பிக் கொடுத்தார். மூன்று பட்டைகளும் எண்ணும் மறைகிற வரை கிளோட்டில்டா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன் திறப்பாங்க" என்றார்.

"வர்றேன். உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"என்னைக் கூட்டிட்டுப் போகவேண்டாம். நீ தனியா வா. எல்லாரும் இருக்கிறப்ப, சத்தமாச் சொல்லு."

மறுநாள் ஏழரைக்கே அவர் பூட்டிய கதவின் முன்னால் நின்றார். ஞாயிறு உடுப்பு, கையில் தொப்பி. எட்டு மணிக்குள் தெரு நிரம்பிவிட்டது. அவர் சொன்னார். எழுத்தர் அறிக்கையில் 'மனைவி தவறாகக் கண்டார்' என்ற வரியைக் குறுக்கே அடித்து, 'மனைவி கண்டது சரி' என்று எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னார் தியோடுல். தெருக்கோடியில் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் வாசியுங்கள் என்றார்.