நான் பொறுக்கிய ரேம்

சேலத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர்த்துக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

அப்போது மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்து மூன்று பெண்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்துவிட்டு, கீழே வேலை தேடாமல் மலைக்கே திரும்பி வந்ததற்காக அப்பா சில மாதங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேண்டாமென்று கழித்தது. வேலை செய்யும்போது அது எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும் நினைவகத்தை, அதாவது ரேமை, அளந்தால் முப்பத்திரண்டு எம்.பி. டைப் அடிக்க அது போதும்.

தேர்வுக்குப் போதவில்லை. சான்றிதழ் கொடுக்கும் பயிற்சி நிறுவனம் ஒரு கடிதம் போட்டது. செய்முறைத் தேர்வு புதிய மென்பொருளில் நடக்கும், அதற்குக் குறைந்தது நூற்றிருபத்தெட்டு எம்.பி. வேண்டும், அடுத்த திங்கட்கிழமைக்குள் அது ஓடுகிறது என்று தெரிவித்தால் செம்மேட்டிலேயே தேர்வு. இல்லையென்றால் நாமக்கல்லில், இரண்டு நாள் தங்கி எழுத வேண்டும். மூவரில் இருவருக்கு நாமக்கல்லில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். திருப்புலி நாடு என்று சொல்லும் மலை ஊர்களிலிருந்து வந்த மூன்றாமவளுக்கு யாரும் இல்லை. மலைமேல் எழுதுவதென்றால் எழுதட்டும், இறங்கிப் போய் எழுதும் பரீட்சை வேண்டாம் என்று அவள் அப்பா சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். மூவரில் விரல் பார்க்காமல் டைப் அடிப்பவள் அவள் ஒருத்திதான்.

கடிதம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, சேலத்துக்குப் போனேன்.

எங்கள் பக்கம் விதை வாங்கப் போகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. சாமையானாலும் கேழ்வரகானாலும் நம் காட்டில் விளைந்த கதிர் ஒன்றைத் துண்டில் முடிந்து கொண்டுபோவோம். அதைப் பக்கத்தில் வைத்து, நிறமும் மணியும் ஒத்துவருகிறதா என்று பார்த்து, நம் கையாலேயே பொறுக்கிக்கொள்வோம். டிப்ளமோ படித்த நானும் அதையேதான் செய்தேன். பழைய ரேமைக் கழற்றித் தாளில் சுற்றிக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் இரண்டு ரேம்களை எடுத்துப் போட்டார். இரண்டும் நூற்றிருபத்தெட்டு. ஒன்று ஏதோ பழைய மெஷினில் கழற்றியது. தூசி படிந்து, முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு என்று பதினாறு சிப்புகளோடு தடிமனாக இருந்தது. மற்றது புதிது, பளபளப்பு, நான்கே சிப்பு. என் கையில் இருந்ததிலும் நான்கு சிப்பு. அருகருகே வைத்துப் பார்த்தேன். நீளம், வெட்டு, செருகும் பல் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்திருந்தன. தூசி படிந்ததைத் தள்ளிவிட்டுப் புதியதை எடுத்தேன். கடைக்காரர் என் மாதிரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுங்களா? சரி தம்பி, உங்க இஷ்டம்" என்றார்.

அறைக்கு வந்து செருகி ஓட்டினேன். பழையதும் புதியதும் சேர்ந்து திரையில் ரேமை எண்ணிக்காட்டும் கே.பி. கணக்கு 163840 வரை ஏற வேண்டும். 98304-இல் நின்றுவிட்டது. புதிய ரேமில் பாதியைத்தான் கம்ப்யூட்டர் பார்த்தது. தொண்ணூற்றாறு எம்.பி. தேர்வு மென்பொருள் உள்ளே நுழையவே மறுத்தது.

அன்றே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மாதிரி வைத்துத் தன் கையால் பொறுக்கிய விதையை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். அது கொடுத்த வீட்டை அவமதிப்பது. முளைக்காவிட்டால் நம் காட்டைத்தான் குறை சொல்லிக்கொள்வோம். நானும் என் காட்டைக் குறை சொன்னேன். ரப்பரால் ரேமின் பல்லைத் தேய்த்தேன். இடம் மாற்றிச் செருகினேன். கரண்டைத் திட்டினேன், பனியைத் திட்டினேன். திருப்புலி நாட்டுப் பெண் தினமும் வந்து, "ஆச்சுங்களா சார்?" என்று கேட்டாள். நாளைக்கு ஆகிவிடும் என்று தினமும் சொன்னேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், கம்ப்யூட்டர் பெட்டியையே போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அதன் மூலை என் விலாவில் குத்தியது. கடையில் கடைக்காரர் இல்லை. மெக்கானிக் பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்.

"போர்டு பழசுங்க. ஒரு சிப்புக்குள்ள இவ்வளவுதான்னு அதுக்கு ஒரு அளவு. பெரிய சிப்பு வெச்சா பாதிய விட்டுரும். சின்ன சிப்பா நெறைய இருக்கறதுதான் இதுக்கு ஆவும்."

அன்று நான் தள்ளிவிட்ட அந்தத் தூசி படிந்த ரேமையே எடுத்துச் செருகினார். 163840. ஐந்து நிமிட வேலை.

மாற்றித் தர வேண்டிய கடைக்காரர் மத்தியானம்தான் டீ டம்ளரோடு வந்தார். மாற்றித் தருவதில் அவர் ஒன்றும் தகராறு செய்யவில்லை. நான்தான் கேட்டேன்.

"ஏனுங்க, இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாமயா கடை வெச்சிருக்கறேன்?"

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"மலையிலிருந்து வாரவங்க கைக்குப் புடிச்சதத்தான் எடுப்பீங்க. சிப்பு, போர்டுன்னு நான் வெளக்குனா புரியவா போவுது தம்பி?"

அவர் முகத்தில் வன்மம் எதுவும் இல்லை. எனக்கு ஏதோ சலுகை காட்டியவர்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

"உங்க ஆளு மூணே வார்த்தையில சொன்னாரு, புரிஞ்சுது. சொல்ல வராதது உங்களுக்கு. அதுக்கு மலையைச் சொல்லாதீங்க" என்றேன். மெக்கானிக் குனிந்துகொண்டார்.

தேர்வு மென்பொருளின் சிடி அறையில் இருந்தது; ஊர் வந்து அதை ஓட்டிப் பார்த்தபோது பயிற்சி நிறுவனம் பூட்டியிருக்கும் நேரம். மறுநாள் காலை போன் பூத்திலிருந்து பேசினேன். தேதி நேற்றோடு முடிந்தது, பட்டியல் போய்விட்டது என்றார்கள். ஒரே ஒரு நாள்தானே என்றேன். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்கு நடந்தேன். அவள் அப்பா காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் செய்ததையெல்லாம் சொல்லி, அவளை நாமக்கல்லுக்கு அனுப்பக் கேட்டேன். அவன் செய்தது தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். "ஆனா நாஞ் சொன்னது சொன்னதுதானுங்க சாமி" என்று அடுத்த செடியைப் பற்றினார்.

அவள் காட்டை ஒட்டிய வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"பாதிதான் காட்டுதுன்னு என்னைக்கு சார் தெரிஞ்சுது?"

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே."

"அப்ப அன்னைக்கே கொண்டுபோயிருக்கலாமில்லீங்க?"

பொறுக்கின விதையைத் திருப்புவதில்லையே, அந்தப் பழக்கம்தான் என்று இழுத்தேன். அவளும் எங்கள் மலைக்காரி, அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

"அது வெதை இல்லீங்களே சார். நீங்கதான எங்களுக்குப் பாடஞ் சொன்னீங்க?"

அவள் குரல் உயரவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மற்ற இருவரும் நாமக்கல் போய் எழுதித் தேறினார்கள். அடுத்த தேர்வு செம்மேட்டிலேயே நடக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வெளியே வரவில்லை.