சூப்பர்வைசரின் முனிசிப்பாலிட்டி

எங்கள் சலவை அறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றின் நிலக்கீழ் அறை அது. ஆறு இயந்திரங்களும் ஒன்றாகச் சுற்றும்போது கலண்டரும் சேர்ந்து நடுங்கும். எங்கள் சூப்பர்வைசரின் ஊர் முனிசிப்பாலிட்டி வெளியிடும் அந்தக் கலண்டரை, ஒவ்வொரு வருடமும் அவருடைய தம்பி தென்னாபிரிக்காவிலிருந்து அனுப்பிவைப்பார். வருடம் மாறினாலும் படம் மாறாது. நீலக்கடல், வெள்ளை மணல், கடலைப் பார்த்தபடி பெரிய பெரிய வீடுகள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவான ஊர்" என்றேன். புது இடம், மேலதிகாரி, ஏதாவது நல்லதாகச் சொல்லிவைப்போம் என்ற எண்ணம்தான். சூப்பர்வைசர் மடித்துக்கொண்டிருந்த போர்வையை மேசையில் வைத்தார். "உந்த வீட்டுக்காரர் வருசத்திலை ரெண்டு கிழமை வருவினம், குளிப்பினம், போவினம். எங்கட சனம் முழுக்க, உந்தப் படம் எடுத்தவன்ர முதுகுக்குப் பின்னாலை நிக்குது" என்றார்.

அவர் சொன்னது ஆங்கிலத்தில். அவர் தென்னாபிரிக்காவின் சூலு இனப் பெண், நான் மன்னார்க் கடற்கரைக்காரன், எங்களுக்குப் பொதுவாக இருந்தது அந்த ஓட்டை ஆங்கிலம் ஒன்றுதான். ஆனால் பதினொரு வருடம் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்களுக்கு மொழி ஒரு பெரிய விசயமில்லை. அவர் பேசியதெல்லாம் என் மனதில் எங்கள் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவரை நான் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. வேலை செய்த நாங்கள் ஐந்து தமிழரும் அவரை சூப்பர்வைசர் என்றோம். அவரும் அதை ஒரு பட்டம் போல ஏற்றுக்கொண்டு, எங்களை நன்றாக வேலை வாங்கினார்.

முனிசிப்பாலிட்டி என்றால் எனக்கு வீதி விளக்கு, குப்பை லொறி, வரி கட்டச் சொல்லிக் கடிதம். அவருடைய முனிசிப்பாலிட்டியைக் கேட்டால் தலை சுற்றும். பட்டணம் என்று ஒரே ஒரு தெரு. பெற்றோல் நிலையம், வங்கி, பொரித்த கோழிக் கடை, ஓய்வூதிய நாளில் அந்தத் தெரு முழுக்கக் குடை பிடித்த கிழவிகள். தெரு முடியும் இடத்தில் கரும்புத் தோட்டம் தொடங்கும். கரும்பு முடிந்தால் யூக்கலிப்டஸ் காடு. அதற்கப்பால் மேடு, பள்ளம், மேடு. ஒவ்வொரு மேட்டிலும் நாலு வீடு, வட்டமாக ஒரு மாட்டுப்பட்டி. அங்கே நிலம் விற்பனைக்கில்லை. அது குலத்தலைவரின் பொறுப்பு. அவரிடம் போய்க் கேட்டால் ஆட்கள் வந்து நான்கு மூலையிலும் கல் நட்டுத் தருவார்கள். தண்ணீர் பவுசர் லொறியில் வரும், சில கிழமைகளில் வராது. எந்த மேட்டில் நின்றாலும் கடல் தெரியும். "எங்களுக்குக் கடலைப் பாக்கத்தான் குடுத்து வைச்சிருக்கு" என்பார். கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறையில் மட்டி கிண்டப் போகும் பெண்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பேன். மட்டி கிண்டுவது எனக்கும் தெரியுமல்லவா.

"இது முனிசிப்பாலிட்டியா, காடா?" என்று ஒருநாள் பகிடி விட்டேன். "காடுதான். ஆனால் எங்களுக்கு மேயர் இருக்கிறார். அவரிட்டை சங்கிலியும் இருக்கு" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

கனடாவுக்கு வருமுன் அவர் அந்த முனிசிப்பாலிட்டியிலேயே எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய வேலை கேட்க வேடிக்கையாக இருக்கும். மேட்டில் இருப்பவர்களுக்குத் தெருப் பெயரும் இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. வங்கியோ பள்ளிக்கூடமோ முகவரி கேட்டால், இவரிடம் வந்து கடிதம் வாங்கவேண்டும். இவர் எழுதுவார்: 'பள்ளிக்கூடத்துக்குக் கீழே இறங்கி, இரண்டாவது ஓடையைக் கடந்து, காய்ந்த அத்தி மரத்துக்கு இடப்பக்கம், நீலக் கதவு போட்ட வீடு.' முத்திரை குத்தினால் அது சட்டப்படி முகவரி. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. எங்கள் இல்லத்தில் உடுப்பில் ஒட்டிய அறை இலக்கம் கழன்று விழுந்தால் நாங்கள் தடுமாறுவோம். இவர் சட்டையை ஒருதரம் தூக்கிப் பார்ப்பார். "யன்னல் பக்கம், மகள் ஞாயிற்றுக்கிழமை வாற கிழவன்" என்று எறிவார். ஒருநாளும் பிழைத்ததில்லை. இலக்கம் ஆட்களைத் துலைக்கத்தான் உதவும் என்பது அவர் கட்சி.

ஊரில் அவருக்கும் ஒரு மேடு இருந்தது. குலத்தலைவர் கல் நட்டுக் கொடுத்த காணி. யன்னல் உயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. ஓய்வு எடுத்ததும் கூரை போட்டுப் போய் இருக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். போய் இருக்கத்தான் விதி விடவில்லை. ஒரு மாரிகாலத்தில் வயிற்றில் வந்த நோய், இளவேனிலுக்குள் ஆளைக் கொண்டு போய்விட்டது. ஸ்காபரோவில் ஓர் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில் செத்தார். பெட்டியை ஊருக்கு அனுப்பினோம். அந்த மேட்டிலேயே அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சில மாதம் கழித்துத் தம்பிக்காரர் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா இன்னும் வந்து சேரேல்லை" என்றார். பெட்டி வந்ததே என்றேன். பெட்டி வந்தது, அக்கா வரவில்லை என்றார். அவர்கள் வழக்கத்தில், வெளியூரில் செத்தவரின் ஆவியை உரித்துள்ள ஒருவர் போய், செத்த இடத்திலேயே நின்று கூப்பிட்டு, ஒரு முள்மரக் கொப்பில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் அது வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். தம்பிக்காரருக்கு இரண்டு தரம் கனடா விசா மறுத்துவிட்டார்கள். ஊரில் இருக்கும் சூப்பர்வைசரின் மகள் கனவில் தாயைக் காண்கிறாளாம். தாய் ஒரு நீள நடைக்கூடத்தில், கதவு இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு திரிகிறாராம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் முழுக்க முகவரி எழுதிக் கொடுத்த மனுசி, பாவம்.

மூன்றாம் தரம் விசா கிடைத்து, போன கோடையில் தம்பிக்காரர் வந்தார். கோட், தொப்பி, ஒரு சின்னப் பயணப்பை. கொண்டுவந்த கொப்பு இல்லாமல் வெளியே வந்தார். அதை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். செடி கொடி நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அது சட்டம். பெரிய மனிதர், கண் கலங்கி நின்றார். என்ன மரம் என்று கேட்டேன். கைத்தொலைபேசியில் படம் காட்டினார். கணுவுக்குக் கணு இரண்டு முள், ஒன்று நேராக, மற்றது கொளுக்கியாக. "ஐயோ, உது எங்கட இலந்தையெல்லோ!" என்று கத்திவிட்டேன். வோபர்னில் எங்கள் தெருவில் இருக்கும் சீனத்து அங்கிள் பின்வளவில் ஓர் இலந்தை வைத்திருக்கிறார், குளிரையும் தாங்கும் அவர்கள் நாட்டு இலந்தை. போய்க் கேட்டோம். எதற்கென்று சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, நல்ல கொப்பாகத் தானே வெட்டிக் கொடுத்தார். தம்பிக்காரர் முள்ளைத் தடவிப் பார்த்தார். "ஒரே குடும்பம்தான். அக்காவுக்கு நான் விளங்கப்படுத்துறன்" என்றார். உங்கள் நாட்டு விமான நிலையத்தில் மறிக்கமாட்டார்களா என்று கேட்டேன். "அங்கை ஒருத்தரும் உதை மரக்கொப்பு எண்டு பாக்கமாட்டினம்" என்றார்.

காரில் வைத்து ஒழுங்குகளைச் சொன்னார். கொப்பைக் கையில் எடுத்தபிறகு அவர் அக்காவோடு மட்டும்தான் கதைப்பார், மற்றவர்களோடு நான்தான் கதைக்கவேண்டும். வாசல், பாலம், திருப்பம் எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொல்லிச் சொல்லிப் போகவேண்டும். "கடைசியா ஒண்டு. ஒருத்தரும் அவவைத் திருப்பிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் நிண்டிடுவா. உங்களிலை அவவுக்கு நல்ல பட்சம்."

நாலாம் மாடியில் பொறுப்பாக நின்றது ஒரு தமிழ்த் தாதி. விசயத்தைச் சொன்னேன். "அந்தக் கட்டில் இண்டைக்கு வெறுமைதான் அண்ணை. பத்து நிமிசம் தாறன், கெதியா முடியுங்கோ. நீங்கள் என்ன, சொந்தமோ?" என்றாள். "ஓம் தங்கச்சி, சொந்தம்தான்" என்றேன். பொய் என்று எனக்குப் படவில்லை. தம்பிக்காரர் கட்டிலருகே நின்று, தங்கள் குலத்தின் புகழ்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்தார். பிறகு கொப்பைக் கட்டிலில் மெல்லத் தடவி எடுத்தார். அந்த நேரம் தாதியும் கதவோரம் கைகட்டி நின்றாள்.

கார் புறப்பட்டது. நான் வழி சொல்லத் தொடங்கினேன். இது மார்க்கம் ரோட், இனி நானூற்றொன்று நெடுஞ்சாலை என்றேன். அவர் அதைத் தன் மொழியில் கொப்பிடம் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. யாருக்கு இலக்கம் சொல்லுகிறேன்! மாற்றிச் சொன்னேன். இது நீங்கள் இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டு, சொதியைக் கோப்பையில் குடித்த கடை. இது நீங்கள் பனியில் வழுக்கி விழுந்து, எழும்பி, எனக்கு ஏசின பஸ் தரிப்பு. இந்தப் பாலத்துக்குக் கீழே ஓடுவது ஓர் ஆறு, உங்கள் ஊர் ஆற்றில் கால்வாசியும் வராது, பயப்படாமல் கடவுங்கோ. எந்த இடத்தில் ஆங்கிலம் தமிழாக மாறியது என்று தெரியாது. தம்பிக்காரர் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, கொப்பை என் பக்கம் சற்றுச் சரித்துப் பிடித்துக்கொண்டார். விமான நிலையம் வரைக்கும் நானும் சூப்பர்வைசரும் மட்டும் கதைத்துக்கொண்டு போன மாதிரித்தான் இருந்தது. அழுதுகொண்டே ஓட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போகும் வாசலில் தம்பிக்காரர் என் கையைப் பிடித்தார். நான் கொப்பைத் தொட்டுக் கும்பிட்டேன். வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது: "போட்டு வாங்கோ."

சொன்ன பிறகுதான் உறைத்தது, போய்விட்டுத் திரும்பி வரச் சொல்லிவிட்டேன். போகிற ஒருவரைப் பார்த்து வெறுமனே போ என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது, அது அபசகுனம். தம்பிக்காரருக்கு விளங்கவில்லை, அவர் புன்னகைத்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் சூப்பர்வைசருக்கு அந்தச் சொல் தெரியும். வேலை முடிய ஒவ்வொரு நாளும் நாங்கள் அவருக்கு அதைத்தான் சொன்னோம். பதினொரு வருடமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார், மறுநாள் காலை திரும்பி வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று தம்பிக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். குனிந்து, கொப்புக்குக் கிட்ட வாயை வைத்தேன். "நான் சொன்னது பிழை. போங்கோ. வேலை எல்லாம் முடிஞ்சுது. இனி இஞ்சை வராதேங்கோ. போங்கோ" என்றேன். என் வாழ்நாளில் ஒருவரை அப்படிச் சொல்லி அனுப்பியது அந்த ஒரு தடவைதான். தம்பிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று விளங்கியிருக்கவேண்டும். கொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. மேட்டில் வீட்டார் எல்லாரும் கூடியிருந்தார்கள், பின்னால் பாட்டுக் கேட்டது. "வந்திட்டா. மகள் ராத்திரி கனவிலை கண்டவள், சுவரெல்லாம் தொட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவவாம்" என்றார். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான், மெதுவாகச் சொன்னார்: "வாற வழியிலை ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை."

நல்ல விசயம், சந்தோசம் என்றேன். போனை வைத்தபிறகு, ஒரே ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று எனக்கு அழுகை வந்தது.