குட்டைக் கழுத்துக் கிட்டார்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் இருந்த மேல்மாடி அறையை இந்த வருடம் விட வேண்டி வந்தது. வீட்டை இடித்துப் பிளாட் கட்டப்போகிறார்கள். வெள்ளவத்தையில் தங்கச்சி தன் வீட்டு ஹோலில் ஒரு கட்டில் போடலாம் என்றாள். அங்கே இரண்டு அறைதான். அவள், புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள். எல்லாவற்றையும் போனில் சொல்லி முடித்த பிறகுதான் கிட்டார் கதைக்கு வந்தாள்.

"அண்ணா, ஒண்டு மட்டும் கொண்டு வாங்கோ. கதவுக்குப் பின்னால வைக்கலாம்."

"மூண்டுதானே இருக்கு."

"மூண்டும் உங்களை மாதிரி நெட்டை. எங்க படுக்கப் போடுறது?"

மூன்றும் நெட்டை இல்லை. ஒன்று குட்டை. அதை அவள் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு நின்ற இடமெல்லாம் வாத்தியக் கோஷ்டி எங்கே போனதோ அந்த இடம். மாலைதீவு ஹோட்டல், துபாயில் ஒரு ரெஸ்டோரண்ட், ஆறு மாதம் கப்பல். கறுப்பு பேஸ் கிட்டாரைத் துபாயில், ஊருக்குத் திரும்பிய ஒரு பிலிப்பீன்காரனிடம் வாங்கினேன். செங்கல் மாதிரிக் கனம். அதன் சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வரும். ஐந்து தந்தி வைத்தது பிறகு வந்தது, சினிமாப் பாட்டுக்கு. குட்டைக் கழுத்துக்காரன் சிவப்பு நிறம், பள்ளிப் பிள்ளைகள் பழகும் அளவு; கனமில்லை, விரலும் அதிகம் நீள வேண்டாம். போன வருடம்தான் வாங்கினேன். எவருக்கும் காட்டவில்லை.

காரணம் என் இடது கை. முழங்கையில் நரம்பு நசிந்திருக்கிறது என்றார் டொக்டர். சின்ன விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. கறுப்பைத் தோளில் மாட்டினால் பத்து நிமிடம், பிறகு அந்த விரல்கள் என்னுடையவை அல்ல. இரண்டு வருடமாக இரண்டு விரலால் வாசிக்கிறேன். எட்டாத சுரத்தை விட்டுவிடுவேன்.

நான் விட்டுப் போகிற இரண்டு கிட்டாரையும் எடுக்க வருவதாகச் சொன்னவன் எங்கள் கோஷ்டியின் தலைவன். கீபோர்ட் வாசிக்கிறவன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்தவன், என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. எனக்கு வருகிற கல்யாணம், ஹோட்டல் எல்லாம் அவன் கையால்தான் வரும். நான் குட்டையை வைத்துக்கொண்டு கறுப்பைக் கொடுத்தால் அவன் ஏன் என்று கேட்பான். கேட்டால் கை தெரிந்துவிடும். கை தெரிந்தால் வேலை போய்விடும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

அவன் வருமுன் மூன்று பின்னேரம் கறுப்புக்கும் சிவப்புக்கும் பரீட்சை வைத்தேன். ஆம்ப் போட்டால் கீழ்வீட்டார் சத்தம் போடுவார்கள். ஆகவே கிட்டாரின் தலையை அலுமாரிக் கதவோடு முட்டவைத்து வாசித்தேன். பலகை அதிர்ந்து ஆம்ப் மாதிரிச் சத்தம் தரும். கறுப்புதான் நல்லாயிருந்தது. மூன்று நாளும் அதுதான். ஆனால் ஒரு முழுப் பாட்டைக்கூட அதில் முடிக்கவில்லை. குட்டையில் ஒரு மணித்தியாலம் வாசித்தேன். சத்தம் அரைவாசிதான், ஆனால் விரல் மரக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். மூன்றையும் கட்டிலில் போட்டிருந்தேன். சுற்றிப் பார்த்துவிட்டுச் சிவப்பையும் ஐந்து தந்தியையும் தூக்கினான்.

"இது ரெண்டும் எனக்குப் போதும்ணே. கறுப்பு உங்களோடயே இருக்கட்டும். அதை எடுத்தா எனக்குப் பாவம் புடிக்கும்."

எனக்குச் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று விளங்கவில்லை. அவன் நல்ல மனதோடுதான் செய்தான். பேசாமல் விட்டிருந்தால் கறுப்பு கதவுக்குப் பின்னால் நின்றிருக்கும், நானும் இன்னும் கொஞ்ச நாள் ஒளித்திருப்பேன். களைப்பாக இருந்தது. இரண்டு வருடம் ஒளிப்பது கனமான வேலை.

"சிவப்பை வை," என்றேன். "கறுப்பைக் கொண்டு போ."

"என்னாண்ணே, பகிடி பண்றீங்களா? இது சின்னப் புள்ளைங்க சாமான்."

சிவப்பை எடுத்து, அலுமாரியில் முட்டவைத்து, ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆட்டத்துக்கு வாசிக்கிற ஒரு பைலாப் பாட்டை வாசித்தேன். பிறகு கறுப்பை எடுத்து அதையே வாசித்தேன். பாதியில் விரல் நின்றது. கையை அவன் முன்னால் விரித்துக் காட்டினேன்.

அவன் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தான்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா நம்ம கூட வாசிக்கிறீங்களே."

"ஓம்."

"நான் மத்த பேஸ்காரனுங்களுக்கெல்லாம் உங்களைக் காட்டித்தானே சொல்லிட்டுத் திரியிறேன். அண்ணனைப் பாருங்கடா, எவ்வளவு அளவா வாசிக்கிறாருன்னு." கொஞ்ச நேரம் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிக்கவில்லை.

"ஹோட்டலுக்குக் கூப்புட மாட்டேன்ணே. அங்க நாலு மணித்தியாலம் நிக்கணும். கல்யாணத்துக்குப் பாப்போம்."

"சரி."

அவன் சொன்னது நியாயம். கறுப்பையும் ஐந்து தந்தியையும் பையில் போட்டுப் படியிறக்கி முச்சக்கர வண்டியில் ஏற்ற உதவி செய்தேன். கறுப்பை வலது கையால்தான் தூக்கினேன். வண்டி திரும்பும் வரை நின்றேன், பிறகு மேலே வந்து உடுப்புகளைக் கட்டினேன். சிவப்புக்குப் பை இல்லை. பெட்ஷீட்டில் சுற்றி வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் கொண்டு போனேன்.

ஒன்றரை மாதம் போன் வரவில்லை. பிறகு வத்தளையில் ஒரு கல்யாணம் என்று கூப்பிட்டான். மேடையில் ஏறினால் என் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தது. கோஷ்டியில் மற்ற எல்லோரும் நின்றார்கள். அவன் வயர்களைப் பார்ப்பதுபோலக் குனிந்திருந்தான். நான் கதிரையில் அமர்ந்து சிவப்புக்குச் சுருதி சேர்த்தேன்.