ஏற்றத்தில் இருமிய வண்டி

கொழும்பிலிருந்து வந்தவர் பழைய இங்கிலாந்து பைக்குகளைச் சேர்ப்பவர். கந்தப்பளையில் ஐயா வீட்டு வாசலில் நின்ற 350 வண்டியை வாங்க வந்திருந்தார். எஞ்சினும் கார்புரேட்டரும் ஒரிஜினல்தானா என்று பார்த்துச் சொல்ல, ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் என்னை வரவழைத்தது ஐயாதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் மருந்து கொடுத்தவர். பிள்ளைவலி என்று ஆள் வந்தால் இந்த வண்டியில்தான் மலைமேல் தொழிலாளர் லயத்துக்கு ஏறுவார்.

"தம்பி கையத் தவிர இதுல வேற கை பட்டதே இல்லீங்க," என்றார் ஐயா, வந்தவரிடம்.

நேரம் கடத்தத்தான் எஞ்சினை முதலில் பார்த்தேன். பிசுக்கைத் துடைத்ததும் எண் தெரிந்தது. ஆழமாகக் குத்திய இலக்கங்கள். தேய்த்துவிட்டு மறுபடி குத்திய தடமில்லை. வண்டிப் புத்தகத்திலும் அதே எண். "எஞ்சின் ஒரிஜினல்," என்றேன்.

கார்புரேட்டரைப் பார்க்கவே தேவையில்லை. ஒரிஜினலில் எண்ணைக் கூர்மையாகக் குத்தியிருப்பார்கள். இதில் இலக்கங்கள் வார்ப்பிலேயே புடைத்து, ஓரம் மழுங்கிக் கிடந்தன. போலி. நானே பூட்டியது. சில வருசங்களுக்கு முன்பு, வண்டியை முழுக்கப் பிரித்துப் பூட்டும் ஓவர்ஹோலுக்கு ஐயா விட்டிருந்தபோது, அவருடையதைக் கழற்றி என் வண்டிக்குப் போட்டுக்கொண்டு, என்னிடமிருந்த போலியை இதில் மாட்டினேன். அவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற திமிர். அடுத்த கராஜ்காரன் ஒரு ஸ்குரூவை மாற்றினால்கூடக் கள்ளப்பயல் என்று வாய் கிழியத் திட்டுகிறவன் நான். தூ!

"கார்புரேட்டர்?" என்றார் கொழும்புக்காரர்.

ஒரிஜினல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துளி சந்தேகமில்லை அந்த முகத்தில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இது போலிங்கய்யா. ஒங்களோடது அந்தா நிக்கிற என் வண்டியில இருக்கு. நான்தான் மாத்துனேன்."

திட்டட்டும் என்று தலை குனிந்து நின்றேன். ஐயா குனிந்து அந்தப் போலியைப் பார்த்தார்.

"ஓவர்ஹோல் பண்ணுனப்பவா?"

"ஆமாங்க."

"அதுக்கப்புறந்தான் ஏத்தத்துல இருமி இருமி நின்னுச்சு. எனக்குத்தான் வயசாயிருச்சு, கை மறந்துருச்சுன்னு ஓட்டுறதையே விட்டேன். அப்ப என் கை போகலையா தம்பி?"

அவருடைய கார்புரேட்டரை என் வண்டியிலிருந்து கழற்றி, அங்கேயே அவர் வண்டியில் பூட்டினேன். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. ஐயா டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏறுவதற்குக் காலைத் தூக்கினார். கால் பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை.

"இப்ப முட்டி மடங்க மாட்டேங்குதே தம்பி," என்றார்.