காலிப் பை

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி வைத்திருந்த ஒருவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. ஆட்டோ வந்து சவாரி படுத்துவிட்ட காலம். மத்தியானத்தில் தன் மூன்று குதிரைகளையும் ஒன்றாகக் கட்டி, ஒன்றின் தீனியை மற்றது பிடுங்காதபடி முகத்தில் கொள்ளுப் பை மாட்டுவார். தின்று முடித்ததும் துண்டால் வாயைத் துடைத்துவிடுவார்.

ஒருநாள், அவற்றில் நொண்டியாகிப்போன குதிரைக்கு அவர் வெறும் பையை மாட்டினார்.

"காலியா இருக்கே?" என்றேன்.

"வண்டி இஸ்க்கிறதுங்களுக்கே கொள்ளு பத்தல சார். மூஞ்சிய சும்மா வுட்டா, மத்தது துன்றதைப் பாத்துக் கனைச்சிகினே கீது. பைய மாட்டிட்டா கம்முனு கீது."

உண்மைதான். அது கனைக்கவில்லை. மற்றவை மெல்லும் சத்தத்தைக் கேட்டு, அதுவும் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது.

பைகளைக் கழற்றியதும் அவர் மூன்று வாய்களையும் துடைத்தார். நொண்டியின் வாயில் எதைத் துடைத்தார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.